ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் பால்

ஆங்கில அகராதியில் ‘காப்லர்’ என்ற சொல்லைத் தேடினால் செருப்புத் தைக்கும் தொழிலாளி என்று முதலில் போட்டிருக்கும். அதற்குக் கீழே இன்னொரு பொருள் இருக்கும். பழத் துண்டுகளோடு மாவையும் சேர்த்துச் சட்டியில் சுட்டெடுக்கும் ஒரு அமெரிக்க இனிப்பு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது காப்லரைப் பற்றியது.

சுலபமான பண்டம் எது என்று அமெரிக்காவின் தென் மாநிலத்துப் பாட்டிமார்களைக் கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால். ‘கப், கப், கப்’ என்று வாய்ப்பாடு போலவே பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதோடு கொஞ்சம் வெண்ணெய், ஒரு டப்பா பழம். கடைக்கு ஓட வேண்டாம். உக்கிராண அறையில் இருப்பதே போதும்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன். அதில் பல வருடங்கள் இருப்புப் பதிவேட்டோடு கழிந்தன. ஒரு பொருள் உள்ளே வந்தால் தேதியும் அளவும் எழுதினால் மட்டும் போதாது. ‘யாரிடமிருந்து பெறப்பட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் தணிக்கைக்கு வருபவர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இவ்வளவு சுலபமான பண்டம் என்கிறார்களே, இதில் போகும் பொருள்களுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சட்டி, பழம், டப்பா, பொடி, சர்க்கரை, மாவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில் செய்முறையும் சொல்கிறேன்.

சட்டி

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு ஊரில் ‘பை’ செய்து பழக்கம். அடியிலும் மேலும் மாவுத் தகடு வைத்து, நடுவில் பழத்தை நிரப்பிச் செங்கல் அடுப்பில் சுடுவது அது. புது நாட்டில் எல்லா வீட்டிலும் அப்படி அடுப்புக்கு எங்கே போவது? கணப்புக்கு மேல் தொங்கும் இரும்புச் சட்டிதான் பலருக்கு இருந்தது. மாவைத் தகடாகத் தேய்க்கப் பலகையும் பொழுதும் இல்லாதவர்கள், சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவைக் கிள்ளிக் கிள்ளி வைத்து மூடினார்கள். வெந்து வரும்போது மேற்பரப்பு உருண்டைக் கற்கள் பாவிய பழைய தெரு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் ‘காபிள்’ என்று பெயர். அதிலிருந்து காப்லர் வந்தது என்பார்கள். ஒட்டுப் போட்ட செருப்பு போல இருப்பதால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த இரும்புச் சட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஆபிரகாம் டார்பி 1707-இல் மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்ப்பதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளைப் பாத்திரம் வாங்க முடியாதவர்கள் வீட்டுக்கும் கனமான சட்டி வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். ‘டச்சு ஆவன்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் சட்டி இந்த வகையைச் சேர்ந்தது. தட்டையான மூடி, மூடியைச் சுற்றி ஒரு விளிம்பு. அடியில் கொஞ்சம் தணல், மூடிமேல் கொஞ்சம் தணல் வைத்தால் சட்டியே அடுப்பாகிவிடும். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் மேலும் கீழும் தணல் வைத்துத்தான் பல வீடுகளில் கேக் சுட்டார்கள். மற்றவர்கள் தட்டை மூடிப் பேக்கரிக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

1839-இல் லெட்டிஸ் பிரையன் என்ற அம்மையார் கென்டக்கி மாநிலத்து இல்லத்தரசிகளுக்காக ஒரு பெரிய சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் பீச் பழக் காப்லர் இருக்கிறது. விருந்தாளிக்கு முன்னால் வைக்கும் நாகரிகப் பண்டம் இல்லை, ஆனால் குடும்பத்துக்கு மிக நல்லது என்ற பொருளில் அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். ஆக, தொடக்கத்திலிருந்தே இது வீட்டு மனிதர்களுக்கான பண்டம்.

இதற்குப் பங்காளிகள் நிறைய. ஸ்லம்ப், கிரன்ட், பக்கிள், பிரவுன் பெட்டி, பேன்டௌடி என்று ஊருக்கு ஒரு பெயர். ‘கிரன்ட்’ என்றால் உறுமல். மூடிய சட்டிக்குள் பழம் கொதிக்கும்போது வரும் சத்தத்தை வைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஸ்லம்ப்’ என்றால் சரிந்து விழுதல். தட்டில் எடுத்து வைத்தால் சரிந்துவிடுமாம். ‘லிட்டில் விமன்’ நாவல் எழுதிய லூயிசா மே ஆல்காட் தான் குடியிருந்த பழைய வீட்டுக்கு ‘ஆப்பிள் ஸ்லம்ப்’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். வீடு எந்த நிலைமையில் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பழம்

காப்லர் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பீச். அமெரிக்கப் பழம் என்றால் பீச்தான் என்று நினைப்பவர்கள் அங்கேயே உண்டு. உண்மையில் அது சீனாவில் தோன்றிய பழம். பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் ரோமானியர்கள் அதைப் பாரசீகப் பழம் என்றே அழைத்தார்கள். பள்ளியில் நாங்கள் படித்த ‘பேஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் அந்தப் பெயரிலிருந்து தேய்ந்து வந்ததே. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பீச்சை விரும்பி ஏற்றுக்கொண்டு, கொட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி உள்நாடு முழுவதும் பரப்பிவிட்டார்கள். ஆங்கிலேயக் குடியேறிகள் பல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பீச் மரங்கள் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்தன. இது இந்த மண்ணுக்கே உரிய மரம் போலிருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

நவஹோ மக்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்வார்கள். இன்றைய அரிசோனா மாநிலத்தில் கேன்யன் டி ஷெல்லி என்ற ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான செம்பாறை, அடியில் ஆற்று மணல். அந்த மணலில் அவர்கள் பீச் தோப்புகள் வைத்திருந்தார்கள். பழத்தைப் பாறைமேல் காயவைத்துச் சேமித்துக் குளிர்காலம் முழுவதும் சாப்பிட்டார்கள். அவர்களுடைய உக்கிராணம் அதுதான்.

1863-64 குளிர்காலத்தில் கிட் கார்சன் என்பவரின் தலைமையில் அமெரிக்க ராணுவம் அங்கே இறங்கியது. பயிர்களை எரித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள் அல்லது ஓட்டிக்கொண்டு போனார்கள். பட்டினியில் சரணடைந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கூட்டம் கூட்டமாக, நியூ மெக்சிகோவில் இருந்த போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரம். வழியிலும் முகாமிலும் இறந்தவர்கள் ஏராளம். நவஹோ மக்கள் அதை இன்றும் ‘நெடு நடை’ என்று சொல்கிறார்கள்.

1864 கோடையில் ஜான் தாம்சன் என்ற கேப்டன் ஒரு படையோடு மறுபடியும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டார். பெரும்பாலான மக்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்ட இடத்தில் படைக்கு என்ன வேலை? பீச் மரங்களை வெட்டும் வேலை. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி, எத்தனை தோப்பு, எத்தனை மரம் என்று எண்ணி மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினார். வாழ்நாள் முழுவதும் அறிக்கைகள் எழுதிய எனக்கு, அப்படி ஓர் அறிக்கையை ஒரு மனிதன் எப்படி உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு மாமரத்தை வெட்டவே நம் ஊரில் மனசு வராமல் நாலு நாள் யோசிப்பார்கள்.

1868 ஜூன் மாதம் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு அந்த மக்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். திரும்பி வந்து மறுபடியும் பீச் நட்டார்கள். பழம் என்ற பொருளுக்கு எதிரே ‘யாரிடமிருந்து பெறப்பட்டது’ என்ற கட்டத்தில், அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுவந்த ஸ்பானியர்கள் பெயரோடு, அதை வளர்த்துப் பரப்பிய இந்த மக்களின் பெயரையும் எழுதவேண்டும்.

டப்பா

மேற்கு நோக்கிப் போன வண்டிகளில் காய்ந்த ஆப்பிளும் காய்ந்த பீச்சும் மூட்டையாக இருக்கும். ராத்திரி ஊறவைத்து மறுநாள் காப்லர் செய்வார்கள். பருவம் தப்பினாலும் பழம், பழம் போலவே கிடைக்கவேண்டும் என்றால் அதற்கு டப்பா வேண்டும். டப்பாவுக்கு நாம் நன்றி சொல்லவேண்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

நாங்கள் படித்தது பிரெஞ்சு மீடியம். உருளைக்கிழங்கைப் பிரபலப்படுத்திய பர்மாந்தியே பற்றிப் பாடம் இருந்தது. பஸ்தேர் பற்றி இருந்தது. நிக்கோலா அப்பேர் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானாகப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பேர் 1749-இல் ஷாம்பாஞ் பகுதியில் ஷாலோன் ஊரில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தினார். மகன் சமையலும் மிட்டாய்த் தொழிலும் கற்றுக்கொண்டு பாரிசில் ரூ தே லொம்பார் தெருவில் மிட்டாய்க் கடை வைத்தார். பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டால் கெடாது என்பது மிட்டாய்க்காரருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் சர்க்கரை விலை அதிகம், பழத்தின் சுவையும் மாறிவிடும். வேறு வழி இருக்கிறதா என்று வருடக்கணக்கில் சோதனை செய்தார். பழத்தையோ காய்கறியையோ கண்ணாடிப் புட்டியில் நிரப்பித் தக்கையால் இறுக்கி அடைத்து, கம்பியால் கட்டி, கொதிக்கும் நீரில் வெகுநேரம் வைப்பது. கண்டுபிடித்த வழி அவ்வளவுதான். ஷாம்பாஞ் மதுவின் அழுத்தத்தைத் தாங்கும் கெட்டியான புட்டிகள் அவர் பிறந்த ஊர்ப் பக்கத்துச் சரக்கு. அந்தப் பழக்கம் கைகொடுத்தது. பாரிசுக்குத் தெற்கே மாஸ்ஸி என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார். பிரெஞ்சுக் கப்பற்படை அவருடைய புட்டிகளைக் கடலுக்கு எடுத்துச் சென்று சோதித்துப் பார்த்தது.

1810-இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஒரே நிபந்தனை: செய்முறையைப் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும். அவரும் எழுதினார். காப்புரிமை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் லண்டனில் பீட்டர் டியூரன்ட் என்பவர் இதே முறைக்குத் தகர டப்பாவையும் சேர்த்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1813-இல் பிரையன் டான்கின் என்பவரின் தொழிற்சாலையிலிருந்து டப்பா உணவு பிரிட்டிஷ் கப்பற்படைக்குப் போக ஆரம்பித்தது. டப்பா வந்துவிட்டதே தவிர, அதைத் திறக்கும் கருவி வருவதற்கு இன்னும் நாற்பது வருடம் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

1814-இல் நெப்போலியனுக்கு எதிரான படைகள் பிரான்சுக்குள் புகுந்தபோது மாஸ்ஸி தொழிற்சாலை நாசமானது. அப்பேர் மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் கடன்பட்டார். 1841-இல் தொண்ணூற்றோரு வயதில் ஏழையாகச் செத்துப்போனார். தனிக் கல்லறைக்கு வழியில்லாமல் பொதுக்குழியில் புதைத்தார்கள். புட்டிக்குள் பழம் ஏன் கெடவில்லை என்ற காரணத்தைப் பஸ்தேர் விளக்கியது அதற்கும் இருபது வருடம் கழித்து.

இதே கதை அமெரிக்காவிலும் ஒரு முறை நடந்தது. வீட்டிலேயே பழத்தைப் பதப்படுத்தத் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியை உருவாக்கியவர் ஜான் லாண்டிஸ் மேசன். காப்புரிமைத் தேதி 1858 நவம்பர் 30. கோடையில் பீச்சை ஜாடியில் அடைத்து ஜனவரியில் காப்லர் செய்யலாம் என்ற வசதி கோடிக்கணக்கான பெண்களுக்கு இதனால் கிடைத்தது. இன்றைக்கும் அந்த ஜாடிக்கு அவர் பெயர்தான். காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்றவர்கள் அதே ஜாடியைச் செய்து பணக்காரர்களானார்கள். மேசன் 1902-இல் கையில் காசில்லாமல் இறந்தார்.

பொடி

காப்லரைச் சுலபமாக்கியது பேக்கிங் பவுடர். அதற்கு முன்னால் மாவு உப்ப வேண்டுமென்றால் ஈஸ்ட் வைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டையைக் கை ஓயும்வரை அடிக்க வேண்டும். அடித்தது யார் கை என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெண்கள் கை, வேலைக்காரப் பெண்கள் கை, தென் மாநிலங்களில் அடிமைப் பெண்கள் கை.

முதலில் வந்தது சாம்பல். மரத்தை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் ஒரு கார உப்பு கிடைக்கும். அதைச் சுத்தம் செய்தால் ‘பேர்ல் ஆஷ்’. அமெரிக்காவின் முதல் காப்புரிமையே இதற்குத்தான். 1790 ஜூலை 31-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்தோடு கொடுத்தார்கள். 1796-இல் அமெலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் மாவில் இந்த உப்பைப் போடும் முறை அச்சில் வந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன்னை ஓர் அமெரிக்க அநாதை என்று அவர் குறிப்பிட்டுக்கொண்டார். அவரைப் பற்றி உலகத்துக்குத் தெரிவது அந்த ஒரு வரிதான் என்று சொல்லலாம்.

பிறகு சமையல் சோடா வந்தது. சோடா பொங்க ஏதாவது புளிப்பு வேண்டும். புளித்த மோர் சேர்த்தார்கள், அல்லது ‘கிரீம் ஆஃப் டார்டார்’ சேர்த்தார்கள். திராட்சை மது தங்கும் மரப்பீப்பாயின் உட்புறத்தில் படியும் உப்பிலிருந்து எடுப்பது அது. கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காகவே 1843-இல் சோடாவையும் புளிப்பு உப்பையும் மாவோடு கலந்து ஈரம் படாமல் வைக்கும் பொடியைத் தயாரித்தார். மனைவி வயிற்றுக்காக ஒரு மனிதர் செய்த காரியம் உலகத்துக்கே உதவியது.

1856-இல் ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் புளிப்பு உப்புக்கு மாற்றாக எலும்பிலிருந்து ஒரு பாஸ்பேட் உப்பு தயாரித்துக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த பொடியைத்தான் சின்ன டப்பாவில் வாங்கி நம் அலமாரியில் வைத்திருக்கிறோம். ஒரு தேக்கரண்டி போட்டால் போதும், முக்கால் மணி அடிக்க வேண்டிய வேலை மிச்சம்.

சர்க்கரை

இந்தக் கட்டம் நம் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சர்க்கரை ஒரு காலத்தில் பணக்காரர் பண்டம். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் அது ஏராளமாக விளைந்து விலை இறங்கியது. இங்கிலாந்தோடு போர் நடந்தபோது கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வராமல் போனது. நெப்போலியன் சர்க்கரைக் கிழங்கு பயிரிடச் சொன்னார். பாரிசை ஒட்டிய பாஸ்ஸியில் பெஞ்ஜமென் தெலெஸ்ஸேர் கிழங்கிலிருந்து நல்ல சர்க்கரை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு 1812 ஜனவரியில் நேரில் போய்ப் பார்த்து, தன் சட்டையில் இருந்த லெஜியோன் தொனேர் பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டாராம். இந்தக் கதையை மட்டும் எங்கள் வாத்தியார் ரசித்துச் சொல்வார்.

வாத்தியார் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பலேற்றினார்கள். 1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதன் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் போனார்கள். மர்த்தினிக்கும் ரெயூனியோனும் தனிக் கணக்கு. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் வெட்டிய கரும்பின் சர்க்கரை போனது பிரான்சுக்கு, அமெரிக்கக் காப்லருக்கு அல்ல. ஆனால் ஏழை வீட்டிலும் ஒரு கப் சர்க்கரையை யோசிக்காமல் அள்ளிப் போடலாம் என்ற நிலை உலகத்தில் வந்தது இப்படிப்பட்ட கைகளால்தான். நம் ஊர் வாசகர்களில் சிலருக்காவது அப்படிப் போன ஓர் உறவு குடும்பத்துப் பேச்சில் இருக்கலாம்.

மாவும் பங்கீட்டு அட்டையும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலேயே பங்கீடு வந்தது. 1942 மே மாதம் சர்க்கரைக்கு, 1943 மார்ச்சில் டப்பாப் பழத்துக்கு. நாற்பதுகளின் இல்லத்தரசி அட்டையையும் கூப்பனையும் எண்ணிப் பார்த்துத்தான் காப்லர் செய்தாள். இங்கிலாந்தில் பங்கீடு 1940 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. பைக்கு வேண்டிய வெண்ணெயும் மாவும் கட்டுப்படியாகாமல், மாவையும் கொழுப்பையும் பிசிறி உதிரியாகப் பழத்தின்மேல் தூவிச் சுட்டார்கள். அதற்கு ‘கிரம்பிள்’ என்று பெயர். அது அங்கே வீட்டுக்கு வீடு பரவியது அந்தப் பஞ்ச காலத்தில்தான்.

நம் பக்கம் கோதுமை வந்ததும் பஞ்சத்தின் வழியாகத்தான். 1956-இல் இந்தியா அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டது. 1965, 66 வறட்சியில் கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை இறங்கியது. அரிசிக்கு வரிசையில் நின்ற எங்கள் வீடுகளில் சப்பாத்தி நுழைந்தது அப்போது. அம்மா அதை ‘அமெரிக்கா கோதுமை’ என்றே சொல்வார்கள். முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டோம், ஆனால் பசியாறினோம். கோதுமை மாவு என்றாலே அந்நியப் பொருள் என்ற நினைப்பு மாறி, மைதா டப்பா நம் அடுக்களையில் நிரந்தரமாக உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

செய்முறை

இனி வாக்குக் கொடுத்தபடி செய்முறை. எங்கள் வீட்டில் என் மனைவியும் நானும் இரண்டு மூன்று முறை செய்து பார்த்த அளவு இது. இருநூறு மில்லி பிடிக்கும் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டம்ளர் என்பது முக்கியமில்லை, எல்லாவற்றுக்கும் அதே டம்ளராக இருந்தால் போதும்.

மைதா ஒரு டம்ளர். சர்க்கரை முக்கால் டம்ளர். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு டம்ளர், ஆனால் நம் வயதுக்கும் நம் மாம்பழத்துக்கும் முக்காலே அதிகம், அரை டம்ளர் போட்டாலும் கெட்டுப்போகாது. காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு டம்ளர். பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் 75 கிராம். பழத் துண்டுகள் இரண்டு டம்ளர். டப்பாப் பீச் என்றால் பாகை வடித்துவிடுங்கள். மாம்பழம் என்றால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே நறுக்குங்கள், கனிந்து குழைந்ததைப் போட்டால் கூழாகிவிடும். அன்னாசியும் நன்றாக வரும், துண்டுகளை ஐந்து நிமிடம் வதக்கி நீர் வற்றவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவன் இருந்தால் 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சுடும் பாத்திரத்தில் வெண்ணெயைப் போட்டு உள்ளே வைத்து உருக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்து, சர்க்கரை சேர்த்து, பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கும். பயப்பட வேண்டாம். அதிக நேரம் அடிக்கவும் வேண்டாம். உருகிய வெண்ணெய்மேல் இந்த மாவை ஊற்றுங்கள். கரண்டியால் கிளறக் கூடாது. அதன்மேல் பழத்தைப் பரவலாகப் போடுங்கள். மறுபடியும் கிளறக் கூடாது. சூட்டில் பழம் கீழே இறங்கும், மாவு பொங்கி அதைச் சுற்றி மேலே வரும். நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடத்தில் மேல்புறம் பொன்னிறமாகும். கத்தியை மாவுப் பகுதியில் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும்.

ஆவன் இல்லாதவர்கள், கேக் செய்வது போலவே, கனமான பழைய பாத்திரத்தில் அரை அங்குலம் உப்புக் கல்லைப் பரப்பி, உள்ளே ஒரு தாங்கி வைத்து, மூடி பத்து நிமிடம் சூடாக்கி, வெண்ணெயை உருக்கி ஊற்றிய பாத்திரத்தை உள்ளே இறக்கி, சிறு தீயில் வைக்கலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. மேலே நிறம் ஏறாது, ஓரம் மட்டும் சிவக்கும், ருசிக்குக் குறைவில்லை. அடுப்பை விட்டு எடுத்து கால் மணி நேரம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது குளிர்ந்த பாலோடு சாப்பிட வேண்டும். அந்தக் கென்டக்கி அம்மையார் காலத்திலிருந்து அப்படித்தான்.

கலக்குவதற்குப் பத்து நிமிடம் போதும். சுலபம் என்று சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பொதுக்குழியில் கிடக்கும் ஒரு மிட்டாய்க்காரரும், வெட்டுப்பட்ட தோப்புகளை மறுபடி நட்ட ஒரு ஜனமும், காரைக்காலில் கப்பலேறித் திரும்பாத நம்மவர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை என்னால் முடிந்தவரை நிரப்பிவிட்டேன்.

உங்கள் குடும்பத்தில் குவாதலூப், மர்த்தினிக், ரெயூனியோன் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன செய்தி ஏதாவது இருந்தால், ஒரு வரியானாலும் பரவாயில்லை, பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள். நமக்குப் பின்னால் அதைச் சொல்ல ஆள் இருக்காது.